எங்கள் ஊர் ஷவர்மா கடை: கோழி நன்று, மயோனைஸ் கிண்ணம் கவலை தருகிறது

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஷவர்மா கடையில் இரண்டு மாதங்களில் ஐந்து முறை சாப்பிட்டிருக்கிறேன். மிளகும் பூண்டும் தூக்கலான கோழி, மென்மையான குபூஸ் ரொட்டி, வயிறு நிறையும் அளவு. சுவையில் குறையே இல்லை. ஆனால் 2022 மே மாதத்தில் கேரளத்தின் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்ற நாளிலிருந்து, இத்தகைய கடைகளில் என் கண் முதலில் சமைக்கும் இடத்துக்கே செல்கிறது. அங்கே நோயாளிகளிடம் ஷிகெல்லா என்ற குடல்நோய்க் கிருமியும், உணவு மாதிரிகளில் அதனுடன் சால்மோனெல்லா என்ற இன்னொரு கிருமியும் கண்டறியப்பட்டன.

கம்பியில் அடுக்கிய கோழியில் வெளிப்புறம் மட்டுமே நெருப்பில் வேகிறது. உள்ளடுக்குகள் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கின்றன. கூட்டம் நெருக்கும்போது கத்தி சற்று ஆழமாகப் போனால் அரைவேக்காட்டு இறைச்சி குபூஸுக்குள் வந்துவிடும். வடியும் பச்சைச் சாறும் சீவிய துண்டுகளின்மேல் சொட்டும். இக்கடையில் சீவியதை அப்படியே சுருட்டித் தருவதில்லை. சூடான கல்லில் கொட்டி, ஆவி பறக்கும்வரை கிளறிய பிறகே வைக்கிறார்கள். கோழி உட்புறம்வரை 74 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சால்மோனெல்லா மடிந்துவிடும் என்பதால், ஞாயிறு இரவுக் கூட்டத்திலும் கைவிடாத இந்த இரண்டு நிமிட வேலையை மிகவும் மதிக்கிறேன்.

குறை மயோனைஸில் இருக்கிறது. கோழியை மீண்டும் வாட்டலாம். மயோனைஸை நெருப்பில் காட்ட முடியாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் இந்த ஆபத்தைக் கருதியே. கடைக்காரரிடம் கேட்டேன். "முட்டை சேர்க்காததுதான் அண்ணா, பாக்கெட்டில் வருவது" என்று எடுத்தும் காட்டினார். ஆயினும், திறந்தபின் குளிரில் வைக்க வேண்டும் என்று அதே பாக்கெட்டில் அச்சிட்டிருக்க, கிண்ணத்தில் கொட்டி அடுப்பை ஒட்டி மாலை முழுதும் மூடாமல் வைத்திருக்கிறார்கள். பச்சைக் கோழியைத் தொட்ட கையுறையுடனே ஊழியர் ஒருவர் நறுக்கிய முட்டைக்கோஸை அள்ளியதையும் ஒருமுறை கண்டேன். கோஸும் வேகாமல் உண்ணும் பொருள் என்று எடுத்துச் சொன்னதும், அந்தத் தட்டை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக நறுக்கினார்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கிண்ணம் குளிர்பெட்டிக்குள் போனால் நான்கரை. அதுவரை பிள்ளைகளுக்கு வாங்கும்போது மயோனைஸ் இல்லாமல், கல்லில் இன்னும் ஒரு நிமிடம் வாட்டித் தரும்படி கேட்கிறேன். அவரும் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்.