ஆல்கோவா, இ.எம்.டி.யா?

ஆல்கோ, இ.எம்.டி. இரண்டும் அமெரிக்க ரயில் எஞ்சின் நிறுவனங்கள். இந்திய ரயில்வேயில் ஓடிய அவற்றின் டீசல் எஞ்சின்களில் எது மேல்? 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்கோ டபிள்யூ.டி.எம்-2, 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ரயில் பிரியர்கள் சொக்கிப்போவது அதன் புகையிலும் 'தடக் தடக்' சத்தத்திலும்தான். ஓட்டுநர் நாட்ச் (விசைப்பிடியின் படி) ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். அதுவரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகை குபுகுபுவெனக் கிளம்பும். டர்போவின் கீச்சொலி ஏற ஏறப் புகை வெளிறும். அந்தக் காட்சிக்கு ஈடே கிடையாது.

இ.எம்.டி. வகை டபிள்யூ.டி.ஜி-4, டூ ஸ்ட்ரோக், 4,000 குதிரைத்திறன். தொடக்க வேகத்தில் இதன் டர்போவை எஞ்சினே பல்சக்கரம் வழியாகச் சுற்றுவதால் புகை குறைவு. சக்கரங்களைச் சுற்றுவது ஏ.சி. மின்மோட்டார் என்பதால், ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் கணினி இழுவையைச் சட்டெனக் குறைத்துப் பிடிப்பை மீட்கும். ஏற்றத்தில் சரக்கு இழுக்க இதுதான் சரி.