பேப்பூர்த் திருவிழாவா, மாண்ட்வி ஆற்றங்கரையா?

மும்பையிலிருந்து மரக்கலம் பார்க்கவென்றே ஒரு பயணம் போவதானால் இரண்டு பழந்துறைகள் நினைவுக்கு வரும். ஒன்று, கோழிக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழப் பத்து கிலோமீட்டரில், சாலியாறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கும் பேப்பூர். அங்கே 2021 முதல் ஆண்டு முடிவை ஒட்டி நீர்த் திருவிழா நடந்து வருகிறது. மற்றொன்று, ருக்மாவதி ஆற்றின் கழிமுகத்தில் சுமார் நானூறு ஆண்டுகளாகக் கப்பல் கட்டிவரும், குஜராத்தின் கட்ச் மாவட்டத்து மாண்ட்வி. செம்பூரில் வசிக்கும் நான் முதலில் அப்பாவுடன் பேப்பூருக்கும், அடுத்த ஆண்டு ஜனவரியில் தனியாக மாண்ட்விக்கும் போய் வந்தேன். மறுபடி போக வாய்த்தால் மாண்ட்விக்கே போவேன்.

பயணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பாந்த்ரா டெர்மினஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை புஜ் வந்துவிடும். அங்கிருந்து மாண்ட்விக்குச் சாலையில் அறுபது கிலோமீட்டர். கோழிக்கோட்டுக்குக் குர்லாவிலிருந்து கொங்கண் பாதையில் நேத்ராவதி விரைவு ரயில் போகிறது. இரண்டுக்குமே குளிர்காலத்தில் இடம் கிடைப்பது கடினமென்பதால், பயணத்துக்கு அறுபது நாள் முன்பு முன்பதிவு திறக்கும் அன்றே சீட்டு எடுத்துவிடுவது நல்லது.

திருவிழாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பாய்மரப் படகுகளின் போட்டி, வானம் நிறையப் பட்டங்கள், பொதுமக்கள் ஏறிப் பார்க்கும் கடற்படைக் கப்பல், கடலுக்குள் நீளும் புலிமுட்டு எனும் அலைத்தடுப்புச் சுவர் என்று குழந்தைகளுக்கு ஒரு நாள் போதாது. ‘உரு’ என்ற பெரிய மரக்கப்பலை அரபு நாட்டாருக்குக் கட்டிக்கொடுத்தே பெயர் பெற்ற ஊர் அது. காகிதத்தில் வரைபடம் இல்லாமல், மனக்கணக்கிலேயே உருவை எழுப்பும் தச்சர்கள் அங்கே இருக்கிறார்கள். கப்பி, கயிறு, உடல்வலு ஆகியவற்றைக் கொண்டே அதை நீரில் இறக்கும் கலாசிகளும் அவ்வட்டாரத்தவர்களே. 1988இல் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்த ரயில் பெட்டிகளை மீட்க அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தாம் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் நாங்கள் போன நாளில் உளிச் சத்தம் இல்லை. ஊரே விழாவில் இருக்கும்போது தச்சர் மட்டும் எப்படி வேலை செய்வார்? கூட்டத்துக்கு அப்பால், ஓலைக் கொட்டகைக்குள் ஓர் உருவின் முன்பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மரக்கலத்தின் அழகு அது கட்டப்படும் விதத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். வேலை நடக்காத இடத்தில் அந்த அழகில் பாதிக்கு மேல் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. இந்த ஒரு காரணமே எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிட்டது.

மாண்ட்வியில் ஆற்றோரமாக நடந்தாலே போதும். ஒரு கப்பல், ஏரா எனும் நீண்ட அடிமரமும் சில விலாச் சட்டங்களுமாக நின்றது. அடுத்ததற்குப் பாதி உயரம் வரை பலகை அடித்திருந்தார்கள். அதற்கும் அடுத்ததில் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கப்பல் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றாலும், அத்தனை கட்டங்களையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிட்டேன். உடற்பலகைக்கு மலேசியாவிலிருந்து வரும் சால் மரம். விலாச் சட்டத்துக்கு உள்ளூர்க் கருவேலம். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்து, அந்த வளைவைக் கப்பலின் வளைவுக்குப் பொருத்துகிறார்கள்.

என் தாத்தா தூத்துக்குடியில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர், அதாவது நீர் புகாமல் பலகை இடுக்குகளை அடைத்தவர். அந்தச் சொல்லை வீட்டில் கேட்டு வளர்ந்திருந்தும் அந்த வேலையைக் கண்ணால் பார்த்ததில்லை. மாண்ட்வியில், சாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், பஞ்சுத் திரியை எண்ணெயில் தோய்த்து முறுக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் மழுங்கிய உளியால் திணித்து, மரச்சுத்தியால் தட்டினார். முதலில் மந்தமாக எழுந்த ஓசை, திரி இறுக இறுகக் கணீரென்று மாறியது; மாறியதும் கையை நகர்த்தி அடுத்த விரற்கடைக்குப் போனார். இடுக்கு நிறைந்துவிட்டதை அவர் காதால் அறிகிறார் என்பது எனக்குப் புரிய அரைமணி நேரம் ஆயிற்று. திருவிழாக் கூட்டத்தில் அந்த அரைமணி நேரம் யாருக்கும் கிடைக்காது.

என் அனுபவம் மாண்ட்வியில் ஒன்றரை நாள்தான். கப்பலுக்குள் ஏற அனுமதித்தவர் ஒரே ஒரு மேஸ்திரி. எல்லோரும் அனுமதிப்பார்கள் என்று உறுதி கூற மாட்டேன். விழா இல்லாத ஒரு வேலைநாளில் பேப்பூருக்குப் போயிருந்தால் என் தீர்ப்பு சற்று மாறியிருக்கவும் கூடும்.

வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் மட்டும் பேப்பூரைச் சொல்வேன். மாண்ட்விக் கரையில் சேறும் மரச்சிராயும் ஆணியும் கிடக்கும். உட்கார நிழல் குறைவு. அங்கே இந்தியில் நான் சமாளித்துக்கொண்டேன், அப்பாவால் முடிந்திருக்காது. பேப்பூரிலோ, கொட்டகை வாசலில் இருந்த முதிய தச்சரிடம் அப்பா தமிழில் கேட்க, தச்சர் மலையாளத்தில் பதில் சொல்ல, ஏரா என்ன நீளம், ஆணி எங்கிருந்து வருகிறது என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.