மட்கார்டுக்குள் ஒட்டிய ஷீட் டயரில் சிக்கியது: புல்லட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மட்கார்டுக்குள் சத்தம் குறைக்கும் ஷீட் ஒட்டியிருப்பவர்கள் முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். ஷீட்டின் ஓரம் எங்காவது தொங்கினால் அதைப் பிய்த்து எடுக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

வேலைக்காகத் தினமும் கரூரிலிருந்து வெள்ளகோவில் போய் வருகிறேன். கோவை ரோடு. க.பரமத்தி பக்கம் கல்குவாரிகள் அதிகம் என்பதால் டிப்பர் லாரிகள் நாள் முழுக்க ஓடும். தார்ப்பாய் மூடாத லாரிகளிலிருந்து சிந்தும் சல்லியும் எம்-சாண்டும் ரோட்டோரம் வரிவரியாகக் கிடக்கும். டயர் அதன்மேல் ஏறினால் கல் தெறித்து மட்கார்டின் உள்பக்கம் அடிக்கும். பிளாஸ்டிக் மட்கார்டு என்றால் 'டொக்' என்று முடிந்துவிடும். என் புல்லட்டில் முன், பின் இரண்டுமே இரும்பு. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி கேட்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் அதே சத்தம்.

டவுனில் ஒரு ஆக்ஸசரீஸ் கடையில் விசாரித்தேன். "மூணு லேயர் சார். பியூட்டைல் ரப்பர், மேல அலுமினியம். கார் கதவுக்குள்ள ஒட்டுறது. மூணு வருஷத்துக்கு நாங்க பொறுப்பு" என்றார் கடைக்காரர். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, உள்ளே கழுவித் துடைத்து, அதன்பின் ஒட்டித் தருவதாகப் பேச்சு. கூலியோடு 4,800 ரூபாய். பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி தனியாக வரும் என்று சொல்லி, விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது நான் செய்த தவறு. "ரெண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டு வாங்க சார்" என்றபோது வண்டியை விட்டுவிட்டுப் போனது அதைவிடப் பெரிய தவறு.

முதல் இரண்டு வாரம் சத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நண்பர்கள் மூன்று பேரை அதே கடைக்கு அனுப்பினேன். இந்தப் பதிவை எழுதும்போது மனதை அறுப்பது அதுதான்.

சித்திரை பிறந்ததும் வெயில் ஏறியது. அதிக வெயில் பதிவான இடங்கள் என்று வானிலைச் செய்தியில் சொல்லும்போது கரூர் பரமத்தி பெயர் அடிக்கடி வரும், கேட்டிருப்பீர்கள். நான் போகிற ரோடு அதுதான். ஒரு நாள் மதியம் தென்னிலை தாண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் 'சர்ர்' என்று உரசல், தார் கருகும் வாடை. ஹேண்டில் ஒரு பக்கம் லேசாக இழுத்தது. பிரேக்கைப் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். மட்கார்டிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஷீட் உரிந்து தொங்கியது. டயரின் பள்ளங்களில் எல்லாம் கறுப்புப் பசை அப்பியிருந்தது. அந்த முழ ஷீட் சுருண்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தால் முன்சக்கரம் அப்படியே நின்றிருக்கும். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது டிப்பர் லாரி.

வெள்ளகோவிலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி முதலில் பார்த்தது சக்கரத்தின் ஆக்ஸில் நட்டை. "கம்பெனில வெச்ச பெயின்ட் கோடு அப்படியே இருக்குதுங்ணா. வீலைக் கழட்டவே இல்ல" என்றார். வண்டி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது, பஞ்சர்கூட ஆனதில்லை. அப்படியென்றால் இடுக்கில் கையை விட்டு எட்டிய வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே கழுவவும் இல்லை. ஷீட் பிடித்திருந்தது தகட்டை இல்லை, காய்ந்த சேற்றை. இடையில் தண்ணீர் தேங்கி இரண்டு இடத்தில் துரு ஆரம்பித்துவிட்டது.

அது பியூட்டைலும் இல்லை. மொட்டை மாடி விரிசலில் ஒழுகாமல் இருக்க ஒட்டுவார்களே, அலுமினிய முகம் வைத்த தார் டேப், அதுதான். தகடு அதிர்வதால்தான் சத்தம் வருகிறது. கனமும் மென்மையும் உள்ள எதை அழுத்தி ஒட்டினாலும் அது அதிர்வை வாங்கிக்கொள்ளும். தாரும் வாங்கும், அதனால்தான் எனக்கு ஆரம்பத்தில் சந்தேகமே வரவில்லை. ஆனால் சூட்டில் தார் இளகி நகரும். பியூட்டைல் ஷீட்டில் தார் வாடை இருக்காது. ஒட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டை வாங்கி மோந்து பாருங்கள், ஒரு தகரத்தில் செங்குத்தாக ஒட்டி ஒரு நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

அசல் பியூட்டைல் கிடைத்தாலும் டயர் பார்க்கிற பக்கத்தில் அதை ஒட்ட வேண்டாம் என்பதே இப்போது என் கருத்து. கார் கதவுக்குள் அதன்மேல் கல் அடிப்பதில்லை. இங்கே கல் அடித்து அடித்து அலுமினியம் கிழியும், ஓரம் தூக்கும், தண்ணீர் இறங்கும்.

மெக்கானிக் தம்பி மட்கார்டைக் கழற்றி, பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ரப்பர் கலந்த அண்டர்கோட்டிங்கை மெல்லிசாக மூன்று கை ஸ்ப்ரே செய்தார். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகே அடுத்தது. மாட்டியபின் சக்கரத்தைச் சுற்றி இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கழற்றும்போதே மட்கார்டைப் பிடிக்கும் போல்டுகளில் ஒன்று லூசாக இருந்ததையும் காட்டினார். சத்தத்தில் கணிசமான பங்கு அதிலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் செலவு செய்வதற்கு முன் அந்த போல்டுகளை ஒரு முறை டைட் செய்து ஓட்டிப் பாருங்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். "வெயிலுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்" என்றார்கள். பணம் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் யுபிஐ ரசீது, விசிட்டிங் கார்டு, உரிந்த ஷீட்டின் படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நான் அனுப்பிய மூன்று பேரில் இருவரிடம் பேசிவிட்டேன். ஒருவர் வண்டியில் பின் மட்கார்டு ஷீட் ஏற்கெனவே பாதி உரிந்திருந்தது, அன்றே பிய்த்துவிட்டார். மூன்றாமவர் போனை எடுக்கவில்லை. நாளைக் காலை அவர் வண்டியை எடுப்பதற்கு முன் வீட்டுக்கே போய்ச் சொல்லப் போகிறேன்.