டாக்டர் தேதி வரும்வரை: 14416-ஆ, சினேகாவா?

மனநல மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைத்துவிட்டது, ஆனால் அடுத்த மாதம்தான். அதுவரை யாரிடம் பேசுவது என்று தவிப்பவர்களுக்காக இது. தொலைபேசியில் இரண்டு வழி: 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; சினேகா என்பது தற்கொலைத் தடுப்பு அமைப்பு.

பேசுபவர்: டெலி மானஸில் பயிற்சி பெற்ற ஆலோசகர். சினேகாவில் தன்னார்வலர்.

செலவு: 14416 கட்டணமில்லா எண். சினேகாவின் 044-24640050 சாதாரண சென்னை எண்; பேசுவதற்குக் காசு வாங்குவதில்லை.

கிடைப்பது: பெரிய வித்தியாசம் இங்கேதான். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைத்துவிடுவார்கள். பழைய மாத்திரை தீர்ந்துபோச்சு, நிறுத்தலாமா என்ற குழப்பத்துக்கு இதுதான் சரி.

1986-இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்புக்கானது. அறிவுரை சொல்லாமல், குறுக்கிடாமல் கேட்பார்கள். "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்று வீட்டில் வாயடைக்கப்பட்டவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆக, மருந்து, தூக்கம், அடுத்து எங்கே போவது என்றால் 14416. வாழவே பிடிக்கவில்லை, யாராவது கேட்டால் போதும் என்றால் சினேகா. இரண்டையும் அழைத்தாலும் தப்பில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே 108, அப்புறம் மற்றதெல்லாம்.