வராலுக்கு மிதவைத் தீவனம்: வீட்டுத் தொட்டிக்கு எதை வாங்கலாம்?

குமரி மாவட்டத்தில் தூண்டில் போடுபவர்களுக்கு வரால் மேல் தனி மோகம் உண்டு. ரப்பர் தவளையைத் தண்ணீர்மேல் இழுத்தால் அது பாய்ந்து கவ்வும் வேகத்தைப் பார்த்துத்தான் பலர் அதை வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். வளர்க்கத் தொடங்கியதும் என்ன போடுவது என்ற கேள்வி வந்துவிடும். கடைகளில் இதற்கு மூன்று வகைத் தீவனம் காட்டுவார்கள்: பண்ணைகளுக்கான வரால் மிதவைத் தீவனம், கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் போடும் மிதவைத் தீவனம், அலங்கார மீன் கடைகளில் டப்பாவில் வரும் குச்சித் தீவனம். இவற்றில் வரால் தீவனம்தான் வாங்கத் தக்கது. ஆனால் பழக்காமல் போட்டால் மீன் அதைத் தொடாது, அளவில்லாமல் போட்டால் தண்ணீர் கெடும்.

மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை முதலில் பாருங்கள். வரால் தீவனத்தில் புரதம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 35க்குக் கீழே என்றால் வேண்டாம். கெண்டைத் தீவனத்தில் பெரும்பாலும் 28 முதல் 32 வரைதான் இருக்கும். மீதியில் பெரும்பங்கு தவிடும் மாவும். வரால் ஊனுண்ணி, அதன் குடல் குட்டை. மாவுச்சத்து சரியாகச் செரிக்காமல் கழிவாக வெளியேறும், தண்ணீர் கலங்கும், மீனும் வளராது. விலை குறைவு என்று கெண்டைத் தீவனம் வாங்கினால் அந்த மிச்சம் தண்ணீர் மாற்றுவதிலேயே போய்விடும். குச்சித் தீவனம் தரத்தில் மோசமில்லை, சீக்கிரம் ஊறும் என்பதால் பழக்கும் காலத்துக்கு ஒரு சிறு டப்பா உதவும். எடைக்கு எடை பார்த்தால் விலை பல மடங்கு; வளர்ந்த மீனுக்குக் கட்டுப்படியாகாது.

தீவன மணியின் அளவும் முக்கியம். 10 சென்டிமீட்டர் குஞ்சுக்கு 2 மில்லிமீட்டர், 20 சென்டிமீட்டருக்கு 4, 30ஐத் தாண்டினால் 6 மில்லிமீட்டர். பெரிய வரால் பொடி மணியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாங்குமுன் பத்து மணிகளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் உடையாமல் மிதந்தால் நல்ல சரக்கு. அடியில் மாவு படிந்தால் பழையது, அல்லது ஈரம் பட்டது. வரால் மேல்மட்டத்தில் இரை எடுக்கும் மீன் என்பதால் மிதப்பது இங்கே அவசியம். மூழ்கிய மணி தரையில் கிடந்து அழுகும்.

கடற்கரை மாவட்டம் என்பதால் பலரும் சாளையையே (மத்தி மீன்) வெட்டிப் போடுகிறார்கள். மலிவு, மீனும் ஆவலாகத் தின்னும். ஆனால் சாளையிலும் நெத்தோலியிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயாமின் எனும் பி1 வைட்டமினைச் சிதைக்கும். மாதக்கணக்கில் பச்சைச் சாளை மட்டுமே தின்ற மீன் இரை மறுக்கும், நிலை தடுமாறிச் சுழலும், கடைசியில் செத்தும் போகும். ஐஸில் வைத்தால் அந்த நொதி அழியாது, வேக வைத்தால் அழியும். தீனிக்கென்று வாங்கும் தங்கமீனிலும் இதே சிக்கல் உண்டு, கூடவே நோயும் வரும். சாளை எண்ணெய் தண்ணீர்மேல் படலமாகப் படிந்து பில்டரின் ஸ்பாஞ்சையும் அடைக்கும். வாரம் ஒரு முறை தோலும் முள்ளும் நீக்கிய திலாப்பியாச் சதையோ மண்புழுவோ கொடுங்கள். மற்றபடி தீவனம்தான். கோழி ஈரலும் கொழுப்பும் பழக்கமாகவே வேண்டாம்.

இனி பழக்குவது. குஞ்சுப் பொரிப்பகத்தில் தீவனம் தின்று வளர்ந்த 8 முதல் 10 சென்டிமீட்டர் குஞ்சு கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. குளத்திலோ வாய்க்காலிலோ பிடித்ததற்குப் பொறுமை வேண்டும். புதிதாக வந்த மீனுக்கு இரண்டு மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். பிறகு அந்தி நேரத்தில், விளக்கைக் குறைத்து, மண்புழுவையோ விரல் நகம் அளவு மீன் துண்டையோ தண்ணீர்மேல் போடுங்கள். மேலே வந்து எடுக்கத் தொடங்கியதும், அரைத்த மீன் சாற்றில் பத்து நிமிடம் ஊறிய மணிகளைத் துண்டுகளோடு கலக்க வேண்டும்: மூன்று துண்டுக்கு ஒரு மணி. மூன்று நாளுக்கு ஒரு முறை மணியைக் கூட்டி, துண்டைக் குறைத்து, கடைசியில் சாறும் இல்லாமல் கொடுக்கலாம். சிறு மீன் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், ஓரடிக்கு மேற்பட்டது ஒரு மாதத்தைத் தாண்டலாம். வாயில் வாங்கித் துப்பினால் மணி கடினமாக இருக்கிறது என்று பொருள்; இன்னும் ஊற வையுங்கள். ஆரோக்கியமான வரால் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பயந்துபோய்ச் சாளைக்குத் திரும்பினால் அதுவரை பழக்கியது வீண். கால் மணி நேரத்தில் தின்னாததை வலையால் எடுத்துவிடுங்கள்.

அளவுக்குச் சமையலறைத் தராசு போதும். 20 கிராம் குஞ்சுக்கு உடல் எடையில் 4 சதவீதம், அதாவது நாளுக்கு 0.8 கிராம், இரண்டு மூன்று வேளையாக. 300 கிராம் மீனுக்கு 1.5 சதவீதம், 4.5 கிராம், அந்தியில் ஒரே வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. அடைமழை நாட்களில் தண்ணீர் குளிர்ந்து பசி குறையும். அப்போது பாதி போதும்.

இந்த அளவைத் தாண்டக் கூடாததற்குக் காரணம் மீனின் கழிவில் வரும் அம்மோனியா என்ற நஞ்சு. 40 சதவீதப் புரதத் தீவனம் 4.5 கிராம் தின்றால் நாளுக்குச் சுமார் 165 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். கீழே சொல்லும் தொட்டியில் நிற்கும் 324 லிட்டர் தண்ணீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம். மற்ற மீன்கள் தண்ணீர் கெட்டால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வரால் எப்போதும் காற்றைச் சுவாசிக்கும் மீன், அதனால் மேலே வருவதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. உடலில் வெள்ளைச் சளி, கண் மங்கல், துடுப்பு ஓரத்தில் சிவப்பு இவற்றைத்தான் பார்க்க வேண்டும். அம்மோனியா சோதனைச் சொட்டு மருந்து ஒரு பாட்டில் தீவனத்தோடு சேர்த்தே வாங்குங்கள். ஸ்பாஞ்ச் பில்டர் இரண்டு வையுங்கள். வேகமான நீரோட்டம் வராலுக்கு ஒத்து வராது. பில்டர் முதிர, அதாவது அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் பெருக, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பாதித் தீவனம், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றம். முதிர்ந்தபின் வாரம் 40 சதவீதம் மாற்றினால் போதும்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் கிணறுகளில் தண்ணீர் அமிலத்தன்மையோடு இருப்பது உண்டு. பி.எச். 6க்குக் கீழே போனால் பில்டரின் பாக்டீரியா மந்தமாகிவிடும். கழுவிய சிப்பி ஓடு 200 கிராமை வலைப்பையில் கட்டி பில்டர் பக்கத்தில் போட்டால் சரியாகும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் காற்று ஓட்டி வையுங்கள்.

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. ஒரு தொட்டிக்கு ஒரே மீன். தண்ணீர் ஒன்றரை அடிதான். மேலே விடும் அரையடி இடைவெளி அது மூச்சு வாங்க. நிரப்பினால் 400 கிலோ வரும், தாங்கும் ஸ்டாண்ட் வேண்டும். மூடியைக் கிளிப்பால் இறுக்குங்கள். தீனி நேரத்தில் திறந்த மூடி வழியாகத் துள்ளி வெளியே விழுவதுதான் வளர்ப்பு வராலுக்கு வரும் பெரிய ஆபத்து.

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022 முதல் ராம்சர் எனும் உலகளாவிய ஈரநிலப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. அங்கிருந்து மீன் எடுக்க வேண்டாம். எங்கே ஆனாலும் சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு நீந்தும் வராலைப் பிடிக்காதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். மழைக்குப்பின் பிடித்ததில் சிவந்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரம் தனித் தொட்டியில், லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போட்டு வைத்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

பண்ணை மூட்டை வீட்டுக்குப் பெரிது. நாளுக்கு 4.5 கிராம் தின்னும் மீனுக்கு ஒரு கிலோவே ஏழு மாதத்துக்கு மேல் வரும். அதற்குள் கொழுப்பு சிக்குப் பிடித்து, வைட்டமின் சி குறைந்து, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பூக்கும். அரைக் கிலோவாக உதிரியில் வாங்குங்கள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். மூட்டையின் தயாரிப்புத் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். பச்சைப் பூஞ்சையோ காறல் நாற்றமோ வந்தால் மிச்சம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.