ஷெஃபீல்டா, சோலிங்கனா? பழைய சவரக்கத்தி வாங்கும் முன்

பழைய சவரக்கத்தியை இணையத்தில் தேடினால் இரண்டு ஊர்ப் பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜெர்மனியின் சோலிங்கன். என்னிடம் இரண்டும் உண்டு. முதல் கத்தி வாங்குகிறவருக்கு சோலிங்கன்தான் சரி என்பது என் கட்சி.

அழகில் ஷெஃபீல்டை அடிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் வேட் அண்ட் புட்சர், ஜோசஃப் ராட்ஜர்ஸ் கத்திகளில் பல ஆப்பு மாதிரி, முதுகில் கனத்து, வெட்டும் விளிம்பான வாய்வரை சரிவாக இறங்கும். முரட்டுத் தாடியிலும் அசையாமல் போகும். காலத்தைக் கண்டுபிடிக்க, பிடிக்குள் நுழையும் கழுத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். கிரீடத்தோடு வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1837 முதல் 1901க்குள். ஊர்ப் பெயரோடு இங்கிலாந்து என்றும் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அப்போதுதான் கட்டாயமாக்கியது.

சோலிங்கன் கத்திகளில் நாம் அதிகம் பார்ப்பது இருபுறமும் உட்குழிவாகக் கடைந்தவை. வாய்ப்பக்கம் அவ்வளவு மெல்லிசு. கன்னத்தில் இழுக்கும்போது ஒவ்வொரு முடியும் அறுபடுவது காதில் கேட்கும். தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தால் கருக்கு, அதாவது கூர்மை, மறுபடி வந்துவிடும். பியூமா, டோவோ, ஹென்கெல்ஸ் எல்லாம் இந்த ஊர்தான். ஊர்ப் பெயரைக் கண்டவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1938இல் ஜெர்மனி சட்டமே போட்டது. ஆனாலும் முத்திரையை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

தாராவியில் சலூன் வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர்தான் எனக்குக் கத்தி தீட்டித் தருகிறார். கடையில் இப்போது பிளேடு மாற்றும் கத்திதான், ஆனால் அவருடைய அப்பாவின் தீட்டுக்கல் இன்னும் இருக்கிறது. என் சோலிங்கன் ஒரு மாலையில் தயாரானது. ஆப்புக் கத்திக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கல்லில் தேய வேண்டிய இரும்பு அதில் அவ்வளவு. சோலிங்கன் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். தீட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதவருக்கு ஆப்புக் கத்தி அலமாரியில்தான் கிடக்கும்.

எந்த ஊர்க் கத்தியானாலும் முதலில் முதுகைப் பாருங்கள். தீட்டும்போது முதுகும் கல்லில் படும் என்பதால், தேய்ந்த இடம் தட்டையாகப் பளபளக்கும். அந்தப் பட்டை மெல்லியதாக, ஒரே அகலத்தில் ஓடினால் நல்லது. ஒரு முனையில் அகலமாக, மறுமுனையில் காணாமல் போனால், கத்தி முறுக்கியிருக்கிறது அல்லது யாரோ கண்டபடி தேய்த்திருக்கிறார்கள். வாய் உள்வாங்கி வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெளிவளைவுக்குப் பயப்பட வேண்டாம், பல ஷெஃபீல்ட் கத்திகள் பிறவியிலேயே அப்படித்தான்.

அப்புறம் துரு. ஒருமுறை ஒரு பக்கப் படத்தை மட்டும் பார்த்து 2,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அண்ணாச்சி அதைத் திருப்பி, வாயோரத்தில் இருந்த கரும்புள்ளிகளைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார். “தம்பி, இது மேலே இருக்கிற துரு இல்ல, உள்ள இறங்கிட்டு” என்றார். கல்லில் வைத்ததும் அந்த இடம் பல் பல்லாக உதிர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு பக்கம், முதுகு, வாய், நான்கு படமும் வராமல் பேச்சே கிடையாது. முதுகோரத் துரு பரவாயில்லை, வாயோரத் துரு கூடவே கூடாது.

பிடி விஷயத்தில் சுருக்கமாக: தந்தப் பிடி வேண்டாம், இங்கே அதன் வியாபாரம் சட்டவிரோதம். செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக் பிடி வெடிப்பு விட்டிருந்தால் அதிலிருந்து வரும் வாயுவே இரும்பை அரித்துவிடும்.

தீட்டி, சவரத்துக்குத் தயாராக விற்பதா, கிடைத்த கோலத்தில் விற்பதா என்றால், முதல் கத்திக்குக் கூடுதல் காசு கொடுத்துத் தீட்டியதையே வாங்குங்கள். நன்றாகத் தீட்டிய கருக்கு எப்படி இருக்கும் என்று கன்னம் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கண்ணாடிபோல் மின்னி, முத்திரை எழுத்து மழுங்கியிருந்தால் மெஷினில் போட்டு அதிகமாக மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் போயிருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும் கணக்கில் சேருங்கள். அதற்கு முன் ஒரு நாள் மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜார் மட்டன் தெருப் பக்கம் போய், ஒரு ஆப்புக் கத்தியையும் ஒரு உட்குழிவுக் கத்தியையும் கையில் வாங்கிக் கனம் பார்த்துவிட்டு வாருங்கள்.