மதுரை டூ கீழடி ஒரு நாள் வேன் டூர்: சாப்பாடு ஓகே, கைடு சொன்ன வரலாறு பத்திதான் நிறைய பேசணும்

போன மாசம் நானும் வீட்டுக்காரரும் எட்டாவது படிக்கிற பொண்ணும் எங்க அப்பாவும் மதுரைல இருந்து, பழங்கால ஊரை அகழாய்வுல தோண்டி எடுத்த கீழடிக்கு வேன் டூர் போயிட்டு வந்தோம். ஆளுக்கு 850 ரூபா, காலை டிபன், வேன், கைடு எல்லாம் சேர்த்து. டூர் பேரு போடல, சின்ன அளவுல நடத்துறவங்க, சொன்னா திருத்திக்குவாங்கன்னு நம்புறேன்.

வேன் சுத்தமா இருந்துச்சு, ஏசி நல்லா வேலை செஞ்சுது, டிபன் பொங்கல் வடை சூடா குடுத்தாங்க. ராமநாதபுரம் ரோட்டுல சிலைமான் தாண்டி திரும்பினா கீழடி, ரொம்ப நேரம் ஆகல. இதுல ஒரு குறையும் இல்ல.

கைடு தம்பி பக்கத்து ஊருக்காரர். 6ஆம் கட்ட அகழாய்வுல, அதான் 2020ல பக்கத்துல இருக்கிற கொந்தகையில முதுமக்கள் தாழி எடுத்தாங்களே அப்ப, கூலிக்கு குழியில வேலை பார்த்தவராம். கூரை போட்டு வெச்சிருக்கிற குழிங்க பக்கத்துல நின்னு அவர் பேசினப்ப எல்லாரும் அப்படியே கேட்டுட்டு நின்னோம். மண்ணு எந்த இடத்துல நிறம் மாறுதுன்னு கையால காட்டினார், ஓடு தட்டுப்பட்டா மண்வெட்டிய வெச்சுட்டு சின்ன கரண்டியும் பிரஷ்ஷும் எடுக்கணும், வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி எவ்ளோ ஆழம்னு டேப் வெச்சு எழுதணும்னு சொன்னார். கருப்பு சிவப்பு பானை ஏன் உள்ள கருப்பாவும் வெளிய சிவப்பாவும் இருக்குன்னு பொண்ணு கேட்டா, சூளையில கவுத்து வெச்சு சுடுவாங்க பாப்பா, உள்பக்கம் காத்து போகாது அதான் கருக்குதுன்னு பானைய கவுக்குற மாதிரியே கைய கவுத்து காட்டினார். தக்களி பத்தி சொன்னப்ப எங்க அப்பா, சின்ன வயசுல எங்க ஆத்தா நூத்தது இதே மாதிரிதான்டான்னார். அந்த ஒரு மணி நேரத்துக்கே குடுத்த காசு சரியா போச்சு.

ஆனா மியூசியத்துக்குள்ள வந்ததும் அவர் பேச்சே மாறிடுச்சு. யாரோ எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி, கீழடி 10,000 வருஷ நாகரிகம், உலகத்துலயே மூத்தது, எழுத்து இருக்கிற பானை ஓட்டையே அமெரிக்காவுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணி கிமு 580னு நிரூபிச்சாச்சு, அப்ப இங்க மதமே கிடையாது, அகழாய்வு ரிப்போர்ட்டையே மத்திய அரசு கிழிச்சு போட்டுட்டாங்க, இப்படி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டே போனார். எம்பொண்ணு எல்லாத்தையும் ப்ராஜெக்ட் நோட்டுல எழுதிட்டு இருந்தா. எனக்கு வயித்த கலக்கிடுச்சு.

நான் 2019ல மாநில தொல்லியல் துறை போட்ட அறிக்கைய படிச்சிருக்கேன். டெஸ்ட்டுக்கு போனது பானை ஓடு கிடையாது, கரி. 4ஆம் கட்டத்துல எடுத்த 6 சாம்பிள அமெரிக்காவுல பீட்டா அனலிட்டிக்னு ஒரு லேபுக்கு அனுப்பினாங்க, அதுல 353 சென்டிமீட்டர் ஆழத்துல கிடைச்ச கரிக்குத்தான் கிமு 580னு வந்துச்சு. கரி, நெல்லு, எலும்பு மாதிரி உயிர் இருந்த பொருளுக்குத்தான் கார்பன் தேதி போட முடியும், சுட்ட ஓட்டுல கீறின எழுத்துக்கு நேரா போட முடியாது, எழுத்து எந்த மண்ணடுக்குல கிடந்துச்சோ அந்த அடுக்கோட தேதிய வெச்சுதான் எழுத்துக்கு வயசு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்து கிமு 3ஆம் நூற்றாண்டுன்னுதான் நிறைய பேர் சொல்லிட்டு இருந்தாங்க, இந்த அறிக்கை அதை கிமு 6ஆம் நூற்றாண்டுக்கு கொண்டு போச்சு. பழைய மண்ணு மேல வந்திருக்கலாமே, புது ஓடு கீழ இறங்கியிருக்கலாமே, அந்த கரியும் இந்த ஓடும் ஒரே காலம்தான்னு எப்படி சொல்றீங்கன்னு கேக்குறவங்க கேக்குறது இந்த இடத்துலதான். அது நியாயமான கேள்வி. பழனி பக்கம் பொருந்தல்ல ஒரே ஈமக்குழியில எழுத்து இருந்த பானை தாங்கியும் ஜாடி நிறைய நெல்லும் கிடைச்சு, அந்த நெல்லுக்கு கிமு 490னு தேதி வந்துச்சே, அதை பக்கத்துல வெச்சு சொன்னா கீழடி எவ்ளோ பலமா நிக்குது, அதை யாரும் சொல்றதே இல்ல, 10,000ன்னு அடிச்சு விட்டா போதும்னு நினைக்கிறாங்க.

மதம் விஷயமும் அப்படித்தான். அங்க மொத்த மேடு 110 ஏக்கர், தோண்டினது அதுல ரொம்ப கொஞ்சம். இதுவரைக்கும் தோண்டின குழியில பெரிய வழிபாட்டு அடையாளம் தெரியலன்னு சொல்லலாம், மதமே கிடையாதுன்னு எப்படி சொல்றது, மிச்ச மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும்.

எங்க வேன்ல வந்த ஒரு சார் கைடு சொன்னதை கேட்டுட்டு, எல்லாமே அரசியல், கீழடியே பொய்யின்னு ஆரம்பிச்சுட்டார், ரெண்டு பக்கமும் சமமா சொல்லணும்னு கைடு கிட்ட சண்டை. எனக்கு அதுவும் தாங்கல. ஆதன்னு ஒரு பேரை கீறின ஓடு நிஜமா கிடைச்சது, உறைகிணறு, செங்கல் கட்டடம், தங்க நகை, தந்தத்துல செஞ்ச பகடை எல்லாம் மண்ணுல இருந்து வந்தது, அங்க ஒரு ஊரு நல்லா வாழ்ந்துச்சுங்கிறதுல சண்டையே கிடையாது. சண்டை வயசுல. முதல் ரெண்டு கட்ட அகழாய்வ நடத்தின மத்திய தொல்லியல் துறை (ஏஎஸ்ஐ) அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரில 982 பக்கம் ரிப்போர்ட் குடுத்தார், ஆரம்ப காலம் கிமு 8ல இருந்து 5ஆம் நூற்றாண்டுன்னு போட்டிருந்தார். 2025 மே மாசம் ஏஎஸ்ஐ அதை திருத்தித் தாங்கன்னு திருப்பி அனுப்பினாங்க, ஆரம்ப காலத்துக்கு ஆதாரம் பத்தல, மிஞ்சிப் போனா கிமு 300க்கு முன்னாடின்னு வெச்சுக்கலாம்னு. அவர் மண்ணடுக்கு, கார்பன் தேதி வெச்சுதான் போட்டேன் மாத்த மாட்டேன்னு பதில் எழுதினார். கிழிச்சு போட்டாங்கன்னு சொல்றதும் தப்பு, ரிப்போர்ட்டே பொய்யின்னு சொல்றதும் தப்பு. ரெண்டு வருஷத்துக்கு மேல கையில வெச்சிருந்துட்டு திருப்பி அனுப்பினது எனக்கு பெரிய வருத்தம்தான், 2017ல அவரை அஸ்ஸாமுக்கு மாத்தினதும் மறக்கல. இவ்ளோ சந்தேகப்படுறவங்க நம்மள பார்த்துட்டு இருக்கப்ப நாமளே 10,000ன்னு சொன்னா உண்மையான 580ஐயும் சேர்த்துல்ல தூக்கி எறிவாங்க.

நடுநிலைன்னா பாதிக்கு பாதி பிரிச்சு சொல்றதுன்னு நான் நினைக்கல. இது கிடைச்சது, இது இவரு போட்ட தேதி, இதை வெச்சு போட்டார், இவங்க இதுனால ஒத்துக்கலன்னு வரிசையா சொன்னா போதும், எட்டாவது படிக்கிற பிள்ளைக்கே புரியுது. திரும்பி வரும்போது வேன்லயே பொண்ணு 10,000ஐ அடிச்சுட்டு, 353 செ.மீ. ஆழம், கரி, கிமு 580னு எழுதிக்கிட்டா.

5க்கு 3 ஸ்டார். குழி பக்கத்துல பேசின பேச்சுக்கு மட்டும்னா 5ம் குடுப்பேன். பெரியவங்கள கூட்டிட்டு போனா தொப்பி, தண்ணி மறக்காதீங்க, குழி இருக்கிற இடத்துல நடக்கணும், வெயில் மண்டைய பொளக்குது.

வீட்டுக்கு வந்து டூர் நடத்துறவருக்கு போன் பண்ணி இதெல்லாம் பொறுமையா சொன்னேன், அவர் போனை அந்த தம்பி கிட்டயே குடுத்துட்டார். கோவப்படுவார்னு நினைச்சேன். "அக்கா, 353ன்னா எத்தனை அடிக்கா வரும்?"னு கேட்டார். 11.6 அடி வரும் தம்பின்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம், "அம்புட்டு ஆழத்துக்கு நானே இறங்கியிருக்கேன்க்கா, அப்ப அதையே சொல்றேன்"னார்.